சோளக்காட்டில் தொங்கிய ஏழு சிடிகள்

என் தாய்மாமா டிரம்ஸ் வாசிப்பவர். இதை இப்போது நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் இதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். உறவுக்காரர்கள் யாராவது கேட்டால், "டவுனுல வேலையா இருக்கான்" என்று சொல்லிவிட்டு அம்மா காபி போட எழுந்து போய்விடுவாள். அருப்புக்கோட்டையில் ஒரு இன்னிசைக் கச்சேரிக் குழுவில் மாமா வாசித்துக்கொண்டிருந்தார். எங்கே திருவிழா மேடை போட்டாலும் பாடுகிறவர்களுக்குப் பின்னால், குழல்விளக்கு வெளிச்சம் பாதி விழும் இடத்தில் அவர் தலை தெரியும்.

அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. "நாலு ஏக்கர் கரிசக்காடு வச்சிருக்கவுக வீட்டுப் புள்ள, ஊர் ஊராப் போயி கொட்டடிக்கிறான்" என்பார். கொட்டடிப்பது மதிப்பில்லாத வேலை என்று எங்கள் தெருவில் எல்லாரும் நம்பினார்கள், அப்பாவும் நம்பினார். கொட்டுச் சத்தம் இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு கல்யாணமோ சாவோ நடந்ததில்லை. அதை யோசித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அந்த வருஷம் தைப் பொங்கலன்று இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் சாயங்காலம் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசிக்கும் குழுவுக்கு டிரம்ஸ் ஆள் தேவைப்பட்டது. வந்து வாசித்துக் காட்டச் சொல்லி எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று மாமா காத்திருந்தார். அந்த வேலை கிடைத்தால் அப்பா இனி வாய் திறக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் மாமா குச்சிகளை மூட்டை கட்டிவிட்டு, அப்பா சொல்லி வைத்திருக்கும் நூல் மில்லில் மாசி முதல் சேர்ந்துவிட வேண்டும். "சரி மச்சான்" என்று மாமா வாக்குக் கொடுத்தார். அப்பா அன்றைக்கு இரண்டு தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

மாமாவிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. தடித்த அட்டையில், எங்கள் சமூக அறிவியல் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியில் ஒரு வெளிநாட்டுக்காரர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே ஏழு காகிதப் பைகளில் ஏழு சிடி. ஜாஸ் என்று ஒரு சங்கீதமாம். அந்த மனிதர் இருபது வருஷம் போலச் சொந்தமாகக் குழு நடத்தி வாசித்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்த பெட்டியாம். மாமாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து, பாட்டே இல்லை என்று ஏமாந்துபோய் மாமாவிடம் தள்ளிவிட்டிருந்தார்.

மாமாவின் அறையில் சிடி போட வழி கிடையாது. எங்கள் வீட்டில் டிவியோடு டிவிடி பிளேயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெட்டியோடு வந்துவிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். முதல் சிடியைக் கேட்டு எனக்குச் சப்பென்று போய்விட்டது. டிரம்ஸ்காரர் பெட்டி என்றதும் திருவிழாவில் மாமா வெளுத்து வாங்குவதைப் போல ஏழு பங்கு இருக்கும் என்று நினைத்தேன். அங்கே யாரோ பியானோ வாசிக்கிறார், யாரோ பெரிய தந்தியைச் சுண்டுகிறார். பெட்டிக்குச் சொந்தக்காரர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"இவுகதான மாமா மொதலாளி? அப்புறம் ஏன் கடைசில ஒக்காந்திருக்காக?" என்று படத்தைக் காட்டிக் கேட்டேன்.

"அங்கன இருந்தாத்தான் மருமகளே எல்லாரு முதுகும் தெரியும்" என்றார் மாமா. நான் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் வாரங்கள் போகப் போக எனக்கு அது பழகியது. ஒவ்வொரு சிடியிலும் ஆட்கள் மாறினார்கள். முதலில் மூன்று பேர், மூன்றாவதில் ஐந்து பேர், ஆறாவதில் ஒரு கூட்டமே ஊதித் தள்ளியது. அந்த மனிதர் மட்டும் மாறவில்லை. கூட்டம் பெருகப் பெருக அவர் அடி குறைந்துகொண்டே போனது. ஐந்தாவது சிடிதான் மாமாவுக்கு உயிர். அதில் ஒரு இடத்தில் எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட, அவர் குச்சியை வைத்துவிட்டு கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றை எடுத்துத் தோலில் தேய்ப்பார். சுளகில் சோளம் புடைப்பதைப் போலவே கேட்கும். அந்த இடம் வரும்போது மாமா மூச்சுவிட மாட்டார். நானும் விட மாட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு ரசிகையும் உண்டு. அடுத்த வீட்டில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா. சிடி போட்டதும் வந்து டிவிக்கு எதிரே உட்காருவாள். டிவியில் நீல நிறமும் ஓடுகிற நம்பரும் தவிர வேறொன்றும் வராது. பத்து நிமிஷம் பார்ப்பாள். "இன்னும் படம் வரலையே" என்பாள். "இது படம் இல்ல அத்தாச்சி, பாட்டு" என்று மாமா சொல்வார். "பாட்டும் வரலையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஏழு வாரமும் இதே கதைதான். எட்டாவது வாரத்தில் அத்தை ஒரு முடிவுக்கு வந்திருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

பொங்கல் முடிந்ததும் மாமாவின் குழு கோயில் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகக் கிளம்பியது. பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். "வாரத்துக்கு ஒண்ணு போட்டுக் கேளு. கேட்டு முடிச்சதும் அந்தந்தப் பையில போட்டுரு. ஒரு சிடி வெளிய இருக்கையில இன்னொண்ணை எடுக்கக் கூடாது." அவ்வளவுதான் சட்டம். பெரிய மனுஷியைப் போல தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சட்டத்தை மீறினேன். ஏழையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் பிடித்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்கலாம் என்று பேராசை. நாலாவது ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அந்தக் காலத்தில் போனால் இரண்டு மணி நேரம் வராது. வந்ததும் நாலாவதை எடுத்து மற்றவற்றோடு டிவி மேல் குவித்து வைத்தேன். தெருவில் தோழிகள் கூப்பிட்டார்கள், போனேன். அதோடு மறந்தேன். காலிப் பெட்டி மூடியபடி அலமாரியில் அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். ஹோட்டலில் கூப்பிட்டுவிட்டார்களாம், திங்கட்கிழமை வாசித்துக் காட்ட வேண்டுமாம். "சாப்புடுற எடத்துல வாசிக்கிறதுனால குச்சி ஆகாதாம்க்கா. தொடைப்பத்த வச்சு மெதுவா வாசிக்கணுமாம். அங்க தெரிஞ்சவுக ரூமுல பிளேயர் இருக்கு, அந்த அஞ்சாவது சிடிய ஞாயித்துக்கெழம பூராவும் கேட்டேன்னா கை பிடிச்சிரும். நாளைக்குச் சாயங்காலம் வாரேன், வாங்கிக்கிட்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போறேன்." போனை அம்மா தள்ளிப் பிடித்துப் பேசுவாள், அதனால் எனக்கு எல்லாம் கேட்டது. போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஏழு பைகளும் தட்டையாக இருந்தன. டிவி மேல் ஒன்றுமில்லை.

டிவிக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், எங்கும் இல்லை.

சிடி எங்கே போயிருக்கும் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் பக்கம் தை மாதம் மானாவாரிச் சோளம் கதிர் விடும். கிளியும் குருவியும் கூட்டம் கூட்டமாக இறங்கும். கெட்டுப்போன சிடிகளைக் கயிற்றில் கோத்துக் காடு முழுக்கக் கட்டிவிட்டால், காற்றில் சுற்றி வெயிலில் மின்னி அவற்றைப் பயமுறுத்தும். டவுனில் சிடி கடைக்காரர்கள் கீறல் விழுந்த சினிமா சிடிகளைச் சும்மாவே கொடுப்பார்கள். படம் வராத சிடி எந்த வீட்டில் இருந்தாலும் அத்தை விடமாட்டாள்.

சனிக்கிழமை காலையில் அத்தையிடம் போய் அழுதேன்.

"அது ஓடாத சிடிதானடி? ஏழு வாரம் நானே பாத்தேன், ஒரு படமும் வரல" என்றாள். விஷயம் புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அந்தப் பய பொழப்பையா கயித்துல கட்டுனேன்?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் காட்டுக்கு நடந்தாள்.

காட்டில் ஐம்பது சிடிகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. எங்களுடையதை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. சினிமா சிடியில் வண்ண வண்ணமாக முகங்கள் இருக்கும். மாமாவுடையவை வெள்ளையில் கறுப்பு எண் மட்டும் போட்டவை. ஆனால் கயிற்றை அவிழ்த்துத் தாழ்த்தினால்தான் எட்டும். கயிறு தாழ்ந்த பக்கமெல்லாம் குருவிகள் இறங்கின. அத்தை ஒரு எண்ணெய்த் தகரத்தையும் குச்சியையும் என் கையில் கொடுத்தாள். "நான் அவுக்கிறேன், நீ அடி" என்றாள்.

அடித்தேன். ஏழு வாரம் கேட்டதன் பலன், என் கை தானாக அந்த மனிதரைப் போலவே சீராக, மெதுவாக அடித்தது. இரண்டு நிமிஷத்தில் குருவிகள் பழகிவிட்டன. தகரத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து நிதானமாகக் கொத்தின.

"என்னடி தாலாட்டா பாடுற? பொழைக்கிற மாதிரி அடி!" என்று அத்தை கத்தினாள். அழுகையும் கோபமுமாக நான் சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு போடு போட்டேன். காடே எழுந்து பறந்தது. அதன்பிறகு அப்படியே செய்தேன். அடித்ததைவிட நிறுத்தியதுதான் வேலை செய்தது. அவ்வளவு கவலையிலும் அது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

உச்சி வெயிலுக்குள் ஆறு சிடிகள் கிடைத்துவிட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஆறு, ஏழு. ஐந்தாவது கட்டியிருந்த இடத்தில் அறுந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தரை வெடித்திருந்தது.

அந்த வருஷம் கார்த்திகையோடு மழை நின்றுபோனதால் கரிசல் சீக்கிரமே வாய் பிளந்துவிட்டது. என் முழங்கை அகலத்துக்கு வெடிப்பு, உள்ளே இருட்டு. முந்தைய வருஷம் என் கொலுசு ஒன்று அப்படி ஒரு வெடிப்பில் விழுந்தபோது, "அது விழுங்குனது விழுங்குனதுதான். கையக் கிய்ய விட்டுறாத, உள்ள தேளும் பாம்பும் கெடக்கும்" என்று அப்பா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கொலுசே வேண்டாம் என்று சொன்ன மனிதர். அத்தை ஒரு சோளத்தட்டையை விட்டுத் துழாவினாள். அடியில் ஏதோ தட்டுப்பட்டது, நழுவி இன்னும் கீழே போனது.

அப்போதுதான் அப்பாவின் மொபெட் வந்து நின்றது. பட்டா விஷயமாகத் திருச்சுழி தாலுகா ஆபீஸ் கிளார்க்கை அவர் வீட்டில் பார்க்கப் போகிறவர், வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக இருந்தார். "என்ன நடக்குது இங்க?" என்றார். நான் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அத்தை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அப்பா வெடிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போனது போச்சு. வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க" என்றார்.

திட்டவில்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. திட்டியிருந்தால் அவருக்கும் வருத்தம் என்று நினைத்திருப்பேன். மாமா மில்லுக்குப் போவது உறுதியாகிவிட்ட சந்தோஷத்தில்தான் திட்டவில்லை என்று எனக்குத் தோன்றியது. நடக்கிற வழியெல்லாம் அப்பாவை மனதுக்குள் கண்டபடி ஏசினேன். அவர் முகத்தில் இனி முழிக்கக் கூடாது என்றுகூட முடிவுசெய்தேன்.

வீட்டுக்கு வந்து ஆறு சிடிகளையும் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், ஆறும் ஓடின. ஐந்தாவது பை தட்டையாகத் தெரியக் கூடாதே என்று, வீட்டில் கிடந்த ஒரு பழைய காமெடிக் காட்சி சிடியை அதில் செருகினேன். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசிக்கத் தைரியமில்லை. ஊருணிக் கரைப் பிள்ளையாரிடம் ஓடினேன். ஐந்தாவதைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வழக்கமாகப் பரீட்சைக்குப் பதினொன்றுதான். வீட்டுக்குத் திரும்பவே மனமில்லை. பொழுது சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் வீடு சேர்ந்தபோது அப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். அம்மாவின் குரல் வாசல்வரை கேட்டது. "தாலுகாபீஸ் ஆளப் பாக்கப் போன மனுசன் வார கோலமா இது? சட்டைய என்ன சேத்துல முக்குனீகளா?" அப்பா கொல்லையில் தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். வரப்பில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அவர் பேச்சில் நான் இல்லை என்பதால் கவனிக்காதது போல உள்ளே போனேன்.

மாமா பையோடு வந்தார். காபி குடிக்கக்கூட உட்காரவில்லை. "எங்க மருமகளே நம்ம பெட்டி?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து ஒவ்வொரு பையிலிருந்தும் பாதி இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஞ்சு" என்றார் மாமா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆறு. ஏழு. சபாஷ், சொன்னபடி வச்சிருக்கியே."

கண்ணைத் திறந்தேன். ஐந்தாவது பையில் வெள்ளையில் கறுப்பாக ஐந்து என்ற எண் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா ஊருக்குப் போவதற்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னை அணைத்துக்கொண்டாள். மாமாவும் கண் கலங்கினார். நான் அழுதது நிம்மதியில்தான். அப்படி ஒரு நிம்மதி அதற்குப் பிறகு பரீட்சை முடிவிலோ பிரசவத்திலோகூட எனக்குக் கிடைத்ததில்லை.

வாசலில் செருப்புப் போடும்போது அப்பா சொன்னார்: "மாப்ள, மில்லுல எடம் காத்துக்கிட்டு இருக்கு, மறந்துறாத."

"தெரியும் மச்சான்" என்று மாமா தலையைக் குனிந்துகொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அம்மா சீனியை எல்லார் வாயிலும் போட்டாள். அத்தை, "படம் வராட்டாலும் வேலை வந்துருச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். அப்பா ஒப்பந்தப்படி வாய் திறக்கவில்லை. அந்த வாரம் காட்டுக்குப் போனபோது, ஐந்தாவது சிடி தொங்கிய கயிற்றில் அந்தக் காமெடி சிடி புதிதாகக் கட்டப்பட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா இப்போது சென்னையில் சொந்தமாக ஐந்து பேர் கொண்ட குழு நடத்துகிறார். சுவரொட்டியில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கிறது, மேடையில் கடைசியில்தான் உட்காருகிறார். போன மாதம் அவர் வீட்டில் அந்தப் பெட்டியை மறுபடி ஒன்றிலிருந்து ஏழுவரை கேட்டோம். ஐந்தாவது சிடி ஒரே ஒரு இடத்தில் தடுக்கித் தாண்டும். அந்தப் பையின் அடிமடிப்பில் விரலை விட்டபோது நகக்கண்ணில் கறுப்பாகக் கரிசல் தூள் ஒட்டியது. அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு எங்கத்தா ஞாபகம் இருக்கு? மாப்ள சாப்புட்டாரா, கேளு" என்று வைத்துவிட்டார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேலை கிடைத்த மறுநாள், அந்தப் புதன்கிழமை, ஊருணிக் கரையில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபது முடிந்ததும் மூச்சு வாங்க நின்றேன். அப்பா மொபெட்டை நிறுத்தினார். சனிக்கிழமை கட்டிய வெள்ளை வேட்டி துவைத்தும் ஒரு பக்கம் பழுப்பாகவே இருந்தது. அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் சட்டையில் வலது கை மட்டும் தோள்வரை கறை போகவில்லை என்று புலம்பியது காதில் விழுந்திருந்தது. விழுந்தவருக்கு ஏன் ஒரு கை மட்டும் தோள்வரை அழுக்காக வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"எதுக்குத்தா இம்புட்டு?" என்றார்.

ஏசியதெல்லாம் மறந்துபோகாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பதில் சொன்னேன். "பிள்ளையாருதான் வெடிப்புல இருந்து சிடிய எடுத்துக் குடுத்துச்சு. நீங்க ஒண்ணும் செய்யல."

அப்பா பிள்ளையாரைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்பச் சரி. எண்ணிக்கை தப்பாமப் போடு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் அறுபத்தொன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.